சீகன்பால்கு ஐயரின் டைம்டேபிள்

நவம்பர் வந்துவிட்டால் எங்கள் வங்கிக் கிளையில் கூட்டமே வேறு மாதிரி இருக்கும். பென்ஷன்காரர்கள் 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று சான்று கொடுக்க வரும் மாதம் அது. (இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே மொபைலில் கொடுக்கலாம். ஆனாலும் ஒரு ஆபீசரைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனால்தான் பெரியவர்களுக்குத் தாங்கள் உயிரோடிருப்பதில் நம்பிக்கை வருகிறது.) அவர்களில் தாராவிக்காரர் ஒருவர் உண்டு. மாநகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் நாசரேத் பக்கம். தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை சார் என்பார்.

போன தடவை வந்தபோது, "சார், நீங்க மாயவரம் பக்கந்தானே?" என்றார். ஆமாம் என்றேன்.

"அப்போ எங்க வேதபுஸ்தகம் உங்க ஊர்ல இருந்துதான் வந்திருக்கு. தமிழ்ல முதமுதல்ல புஸ்தகம் அச்சடிச்சதே சீகன்பால்கு ஐயர்தான். தரங்கம்பாடி உங்களுக்குப் பக்கம்லா?"

பக்கம்தான். பொறையாற்றில் மூன்று வருஷம் காமர்ஸ் படித்தவன் நான். தரங்கம்பாடி அங்கிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். கோட்டைக்கும் கடற்கரைக்கும் எத்தனை தடவை போயிருப்போம்! சர்ச் வாசலில் நின்று வேர்க்கடலை தின்றிருக்கிறேன். உள்ளே யார் படுத்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்ததில்லை. மும்பையில், கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒரு திருநெல்வேலிக்காரர் சொல்லி என் ஊர்ச் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அன்றைக்குப் பிடித்த விஷயம், இரண்டு மாசம் விடவில்லை. நூலகம், இணையம், பழைய மொழிபெயர்ப்புகள் என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதில் என்னை நிறுத்தி வைத்தது ஒரு டைம்டேபிள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

முதலில் ஆளைப் பற்றி. பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஜெர்மனியில் சாக்சனி பகுதியில் புல்ஸ்நிட்ஸ் என்ற சின்ன ஊரில் 1682ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயும் போய், தகப்பனும் போய், அக்காமார் பார்வையில் வளர்ந்த பையன். உடம்பும் நோஞ்சான், வயிற்றுக் கோளாறு வேறு. ஹாலே நகரத்தில் ஃபிராங்கே என்ற பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். ஃபிராங்கே அநாதை இல்லமும் பள்ளிக்கூடங்களும் கட்டி நடத்தியவர். அவர் கூட்டத்தாருடைய பக்தியில் சடங்குக்கும் பட்டத்துக்கும் மதிப்பு கம்மி. நெஞ்சுக்குள்ளே மாற்றம் நடந்ததா, அது அன்றாட வாழ்க்கையில் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. தினம் தன்னையே கணக்குக் கேட்டுக்கொள்ளும் பக்தி. எங்கள் பாஷையில் சொன்னால், தினமும் இன்டர்னல் ஆடிட்!

அப்போது டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரெடெரிக் தன் வசம் இருந்த தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்ப ஆள் தேடினார். 1620லேயே தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். சீகன்பால்குவும் இன்னொரு ஜெர்மன்காரர் ஹைன்ரிக் புளூட்சாவும் கிடைத்தார்கள். 'சோஃபியா ஹெட்விக்' என்ற கப்பலில் 1705 நவம்பர் கடைசியில் ஏறி, 1706 ஜூலை 9ம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். மறுநாள் சீகன்பால்குவுக்கு 24 வயது நிறைகிறது. எங்கள் வங்கியில் புரொபேஷனரி ஆபீசராகச் சேருகிற பிள்ளைகளின் வயது.

ஒரு சுவாரசியம் சொல்லிவிட்டு நகர்கிறேன். அப்போது தரங்கம்பாடியைச் சுற்றியிருந்த தஞ்சைச் சீமையை ஆண்டது மராட்டிய போன்ஸ்லே ராஜா ஷாஹாஜி. சிவாஜி மகராஜுக்குத் தம்பி மகன். இங்கே பிழைக்க வந்த நம்மைப் பார்த்து 'மதராசி' என்கிறவர்களுக்கு இதை நான் அடிக்கடி ஞாபகப்படுத்துவதுண்டு. "உங்கள் ஆட்கள் எங்கள் ஊருக்கு முன்னாலேயே வந்துவிட்டார்களே" என்பேன்.

வந்த இடத்தில் வரவேற்பு படுமோசம். ராஜா அனுப்பிய ஆட்கள்தான், கையில் ராஜாவின் கடிதமும் இருந்தது. ஆனால் கோட்டைத் தலைவர் ஹாசியுஸுக்கு இவர்களைக் கண்டாலே ஆகவில்லை. வியாபாரம் நடக்கிற இடத்தில் பாதிரிகள் வந்து மதம் பேசினால் உள்ளூர்க்காரர்கள் முறைத்துக்கொள்வார்கள், லாபம் கெடும் என்பது கம்பெனியின் கணக்கு. கரையிறங்கிய அன்றைக்கு ராத்தங்க இடம் காட்ட ஆளில்லாமல் இரண்டு பேரும் தெருவில் நின்றிருக்கிறார்கள். மும்பைக்கு முதன்முதலாக வந்து, அட்ரஸ் எழுதிய துண்டுச்சீட்டோடு மாதுங்காவில் நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! கையில் சிபாரிசுக் கடிதம் இருந்தும் பிரயோஜனமில்லாத நிலைமை நமக்குப் புரியும்.

பாஷைப் பிரச்சினைக்கு வருவோம். கடற்கரை ஊர்களில் அப்போது வெள்ளைக்காரனோடு பேச ஒருவகைப் போர்ச்சுகீசியம் புழக்கத்தில் இருந்தது. அதைக் கற்றால் காரியம் ஓடும். ஐரோப்பியர் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். (நாமும் அப்படித்தானே? மராத்தி எதற்கு, பம்பாய் இந்தி போதும் என்று!) இரண்டு பேரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். போர்ச்சுகீசியத்தைப் புளூட்சாவும் தமிழைச் சீகன்பால்குவும் எடுத்துக்கொண்டார்கள். இலக்கணப் புத்தகம் இல்லை, அகராதி இல்லை. என்ன செய்தார் தெரியுமா? எழுபது வயது வாத்தியார் ஒருவரைப் பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைத்தார். பொடிப் பையன்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகினார். எழுதத் தெரிந்ததே தவிர அர்த்தம் தெரியவில்லை, வாத்தியாருக்கோ இவர் பாஷை எதுவும் தெரியாது. பிறகுதான் போர்ச்சுகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் எல்லாம் பேசத் தெரிந்த அழகப்பன் என்ற துபாஷி கிடைத்தார். வண்டி ஓடத் தொடங்கியது.

இனி அந்த டைம்டேபிள். தன் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று அவரே ஊருக்கு எழுதியிருக்கிறார். என் வார்த்தையில் தருகிறேன்.

காலையில் ஜெபம் முடித்து, ஆறு முதல் ஏழு வரை லூதரின் ஞானோபதேசத்தைத் தமிழில் ஜனங்களுக்கு விளக்குவார். ஏழு முதல் எட்டு வரை, தான் அதுவரை கற்ற தமிழ்ச் சொற்களையும் சொற்றொடர்களையும் திரும்பப் படிப்பார். எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை தமிழ்ச் சுவடிகள்தான், அதுவும் முன்பு படிக்காத புதுச் சுவடிகள். பக்கத்தில் ஒரு புலவர், இன்னொரு பக்கத்தில் ஒரு எழுத்தர். புரியாத செய்யுள் வந்தால் புலவர் அதைப் பேச்சுத் தமிழில் உடைத்துச் சொல்ல வேண்டும். புதுச்சொல் வந்தால் எழுத்தர் குறித்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டிலிருந்து ஒன்று சாப்பாட்டு வேளை, அப்போதும் ஒருவர் பைபிள் வாசித்துக்கொண்டிருப்பார். ஒன்றிலிருந்து இரண்டு ஓய்வு, வெயில் தாங்கவில்லை என்பதால். (நம்ம ஊர் வெயில் அப்பேர்ப்பட்ட ஆளையும் படுக்கவைத்துவிட்டது பாருங்கள்.) இரண்டு முதல் மூன்று வீட்டிலேயே ஞானோபதேச வகுப்பு. மூன்று முதல் ஐந்து மறுபடி தமிழ்ச் சுவடி. ஐந்து முதல் ஆறு ஜெபவேளை. ஆறு முதல் ஏழு சகாக்களோடு அன்றைய நடப்புகளைப் பேசுவது. ஏழு முதல் எட்டு வரை தமிழ் எழுத்தர் ஒருவர் வாசிக்க இவர் கேட்பார். விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. எட்டு முதல் ஒன்பது இரவுச் சாப்பாடு, அப்போதும் யாரோ வாசிக்கிறார்கள். அதற்கப்புறம் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அன்று படித்ததைக் கேட்டுப் பேசிவிட்டுப் படுக்கை.

கூட்டல் கழித்தல் நமக்குத் தொழில் ஆயிற்றே, போட்டுப் பார்த்தேன். போதிப்பது காலையில் ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம். ஜெபவேளையைச் சேர்த்தால் மூன்று. தமிழ் படிப்பது ஒன்று, நாலு, இரண்டு, ஒன்று. ஆக எட்டு மணி நேரம்! போதிக்க வந்தவர் தினம் எட்டு மணி நேரம் மாணவனாக உட்கார்ந்திருக்கிறார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, மதம் மாற்றத்தானே படித்தார் என்று ஒருவர் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அதுதான் நோக்கம், அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் எட்டு மணி நேரம் ஒரு பாஷைக்குள் உட்கார்ந்திருக்கிற ஆளை அந்தப் பாஷை சும்மா விடுமா?

இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலாவது, வந்த புதிது. ஊர்ப்புறத்தில் ஒரு கோயிலைக் கடந்து போகும்போது அங்கே வைத்திருந்த உருவங்கள் சிலவற்றைக் கீழே தள்ளி, சிலவற்றின் தலையை உடைத்துவிட்டார். இவை ஒன்றும் செய்ய முடியாத பொம்மைகள் என்று காட்டுவதாக நினைப்பு. பார்த்துக்கொண்டிருந்த படித்த மனிதர் ஒருவர் சண்டைக்குப் போகவில்லை. இவை சாமிகள் இல்லையப்பா, சாமியின் படைவீரர்கள் என்று விளக்கம் சொன்னாராம். எனக்கு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. எங்கள் குலதெய்வம் ஐயனார். மண்குதிரைக்குக் காது உடைந்தால் எங்கள் பாட்டி மூன்று நாள் சாப்பிட மாட்டாள். அறியாப் பையன் என்று விட்டுவிட எனக்கு மனசில்லை. அந்தப் படித்த மனிதருடைய பொறுமை எனக்கு இருந்திருக்காது.

இரண்டாவது, 1713. அதே ஆள் 'மலபார் தெய்வங்களின் வம்சாவளி' என்று ஜெர்மன் மொழியில் ஒரு பெரிய நூலை எழுதி முடிக்கிறார். (தமிழரை அப்போது ஐரோப்பியர் மலபார்காரர் என்றே எழுதினார்கள். இங்கே எல்லாத் தெற்கத்தியரும் மதராசி ஆனது போலத்தான்.) பரம்பொருள், மும்மூர்த்திகள், கிராம தேவதைகள், தேவர்கள் என்று வகைபிரித்து, யாருக்கு என்ன பெயர்கள், என்ன உருவம், எங்கே கோயில், எப்போது திருவிழா, எந்த நூலில் ஆதாரம் என்று எழுதியிருக்கிறார். ஐயனாருக்குத் தனி இடம். பூரணை, புட்கலை என்ற இரண்டு தேவியரோடு! தலையை உடைத்த கை ஏழே வருஷத்தில் பெயரும் ஊரும் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறது. அவருடைய நம்பிக்கை மாறிவிட்டதா? இல்லை. இதெல்லாம் தவறான வழி என்றுதான் கடைசிவரை நினைத்தார். ஆனால் எது தவறு என்று சொல்வதற்கு முன் அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

இடையில் நடந்தது அந்த எட்டு மணி நேரம்தான். 1708லேயே தன்னிடமிருந்த சுவடிகளுக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கிறார், 'பிப்ளியோதீகா மலபாரிக்கா' என்று. அதில் 119 தமிழ் நூல்கள், ஒவ்வொன்றுக்கும் குறிப்போடு. தொல்காப்பியம், திருக்குறள், சீவக சிந்தாமணி எல்லாம் உண்டு. எழுத்தர்களை ஊர் ஊராக அனுப்பி, பிராமண விதவைகளிடமிருந்துகூடக் குறைந்த விலைக்கு ஏடுகளை வாங்கியிருக்கிறார். அதே வருஷம் நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் செம்பூரில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போக மூக்கால் அழுகிறார்களே, அந்த வகுப்பின் பாடத்திட்டம் இது! வரும்போது இந்த ஜனங்களுக்கு ஒழுங்கான இலக்கணமோ நீதியோ இருக்கும் என்று தான் நினைக்கவில்லை என்றும், புத்தகங்களைப் படித்தபின் அந்த எண்ணம் தவறு என்று தெரிந்தது என்றும் அவரே எழுதி ஒப்புக்கொள்கிறார்.

அடுத்து ஒரு காரியம் செய்தார்கள், அவரும் 1709ல் வந்து சேர்ந்த கிரண்ட்லரும். தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய பதில் கடிதங்களை மொழிபெயர்த்து ஹாலேயில் அச்சிட வைத்தார்கள். மொத்தம் 99 கடிதங்கள். அவற்றில் நம் ஆட்கள் வெள்ளைக்காரர்களை வாங்கு வாங்கென்று வாங்குகிறார்கள். குடிக்கிறார்கள், மாட்டை அடித்துத் தின்கிறார்கள், சுத்தம் கிடையாது, இவர்கள் வேதம் நல்லதாகவே இருந்தாலும் நடத்தையைப் பார்த்தால் யார் நம்புவார்கள் என்கிற ரீதியில். இதை ஒளிக்காமல் ஐரோப்பாவுக்கு அனுப்பியது பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் தெய்வ வம்சாவளி விஷயத்தில் ஃபிராங்கே கைவிரித்துவிட்டார். உங்களை அங்கே அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, அந்த அபத்தங்களை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற மாதிரிப் பதில். கையெழுத்துப் பிரதி ஹாலேயில் தூங்கியது. 1867ல்தான் சென்னையில் அச்சானது. நீதி நூல்களின் மொழிபெயர்ப்புக்கோ 1930 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 24 வயதில் வெளியூர் போன பிள்ளை, அந்த ஊரைப் பற்றி வீட்டுக்கு ஆசையாக எழுதினால், 'உன்னை அனுப்பியது எதற்கு, நீ எழுதுவது என்ன' என்று அப்பாவிடமிருந்து பதில் வந்தால் எப்படி இருக்கும்? ஃபிராங்கே அவருக்கு அப்பா ஸ்தானம்.

நிற்க. இதை மராத்திக்காரச் சகா ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன். "இதெல்லாம் எங்கள் பக்கம் நூறு வருஷம் முன்னாலேயே நடந்தது சாஹேப்" என்றார். உண்மைதான். தாமஸ் ஸ்டீஃபன்ஸ் என்ற ஆங்கிலேய ஜேசு சபைப் பாதிரியார் 1579ல் கோவாவுக்கு வந்தார். மராத்தி கற்று, ஏசுவின் கதையை ஓவி என்ற மராத்தி யாப்பில் 'கிறிஸ்த புராணம்' என்று பாடி, 1616ல் அச்சிட்டார். பத்தாயிரம் ஓவிகளுக்கு மேல்! மராத்தியை அவர் கற்களுக்கு நடுவே ரத்தினம் என்று புகழ்ந்த பகுதி மராத்திப் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும் என்றார் சகா. எனக்கு இங்கே வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. கவுன்டரில் 'பசா, காய் பாஹிஜே' வரைக்கும்தான் என் மராத்தி. பேச்சை மாற்றிவிட்டேன்.

சீகன்பால்கு வாழ்க்கையின் மற்ற பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1707 மே 12ல் முதல் ஞானஸ்நானம், ஐந்து பேர், டேனிஷ்காரர்கள் வீட்டு அடிமைகள். ஆகஸ்டில் சின்னதாக ஒரு ஆலயம், பெயர் புது எருசலேம். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம். வாத்தியாருடைய மகன், கவி பாடத் தெரிந்த கணபதி வாத்தியார் என்ற இளைஞர் 1709ல் கிறிஸ்தவரானபோது ஊரில் பெரிய கொந்தளிப்பு. அந்த வீட்டுப் பெரியவரின் மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசிக்காமல் என்னால் இதைத் தாண்ட முடியவில்லை. பள்ளிக்கூடத்தை நம்பி அந்த வெள்ளைக்காரப் பையன் வீட்டுக்குக் கொண்டுபோனவர் அவர்.

1708ல் தமிழ் நாவிதர் ஒருவரின் விதவைக்காகக் கடன் வழக்கு ஒன்றில் தலையிட்டுப் பேசியதில் ஹாசியுஸோடு தகராறு முற்றியது. நவம்பரிலிருந்து மார்ச் வரை நாலு மாசம் கோட்டைக்குள் சிறை. சிறையிலிருந்தபடி இரண்டு பக்தி நூல்களை எழுதினார். அதற்கு ஒரு மாசம் முன்புதான் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கியிருந்தார். 1711 மார்ச் 31ல் முடித்தார். லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் புறப்பட்டது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள், கூட வந்த அச்சுக்காரர் இறந்துபோனார், இயந்திரம் மட்டும் 1712ல் வந்து சேர்ந்தது. ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பருமனாக இருந்து காகிதத்தைத் தின்றன. அதனால் சீமையிலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கி, தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள்! 1715ல் புதிய ஏற்பாடு முழுசாக அச்சாகி வந்தது. காகிதத்துக்காகப் பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் வைத்தார்கள். நான் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாமல் கட்டுக்கட்டாகக் காகிதம் கிழித்துப் போட்ட அதே பொறையாறு.

அந்தத் தமிழ் எப்படி? வீரமாமுனிவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, கடுமையாகக் கேலி செய்தார். தேம்பாவணி பாடியவர் காதுக்கு அது கரடுமுரடாகத்தான் கேட்டிருக்கும். சீகன்பால்கு எழுதியது மணலில் எழுதிக் கற்ற தமிழ், சந்தையிலும் வீட்டு முற்றத்திலும் கேட்ட தமிழ். எட்டு மணி நேரம் செய்யுள் படித்தும் எழுதும்போது பேச்சுக்குப் பக்கத்திலேயே நின்றார். ஏனென்றால் அவர் சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் அடிமைகளும் வேலைக்காரர்களும்தான். இதில் எனக்கு அவர் பக்கம் சாய்வு உண்டு.

1714ல் ஐரோப்பாவுக்குப் போனார், மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் கூட்டிக்கொண்டு. 1716ல் அவருடைய தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சானது. கல்யாணமும் அந்தப் பயணத்தில்தான், மரியா டொரோதியா என்ற பெண்ணோடு. அதே வருஷம் இருவரும் தரங்கம்பாடிக்குத் திரும்பினார்கள். 1718 அக்டோபரில் இன்றைக்கும் நிற்கிற புது எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை ஆயிற்று.

எல்லாம் கூடி வந்தது போலத் தெரிகிற நேரத்தில் கோபன்ஹேகனிலிருந்து கடிதங்கள் வந்தன. மிஷன் குழுவின் செயலாளர் வெண்ட் என்பவர் எழுதியவை. அப்போஸ்தலர்கள் காசில்லாமல் கால்நடையாகப் போகவில்லையா, உங்களுக்கு எதற்கு ஆலயம், எதற்குப் பள்ளிக்கூடம், எதற்கு இத்தனை செலவு? தலைமை அலுவலகத்திலிருந்து இப்படி ஒரு காகிதம் வந்தால் கிளையில் இருப்பவன் மனசு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மிஷனுக்கு வந்த பணப்பெட்டி படகு கவிழ்ந்து தரங்கம்பாடிக் கடலுக்குள்ளேயே போனதைப் பார்த்தவர், கோட்டைத் தலைவரின் சிறையைத் தாங்கியவர், இதைத் தாங்கவில்லை. ஏற்கெனவே வயிறு கெட்டிருந்த உடம்பு. 1719 பிப்ரவரி 23ம் தேதி போய்விட்டார். வயது 36. கடைசி நேரத்தில் வயலின் வாசித்து ஒரு ஜெர்மன் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டாராம். தினம் எட்டு மணி நேரம் தமிழ் படித்தவருக்கு முடிவில் அம்மா வீட்டுப் பாட்டுத்தான் வேண்டியிருந்தது. தான் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே புதைத்தார்கள். நான் வேர்க்கடலை தின்ற வாசலுக்கு உள்ளே.

தரங்கம்பாடி மிஷனில் பின்னால் வந்தவர் ஷ்வார்ட்ஸ். அவர் பாளையங்கோட்டைக்குப் போய், குளோரிந்தா என்ற விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, அங்கே ஒரு சபை உண்டானது. திருநெல்வேலியில் அப்புறம் ஊர் ஊராகப் பரவி, பஞ்சம் பிழைக்க வந்தவர்களோடு ரயிலேறி மும்பைக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராவியில் நடந்தால் சந்துக்குச் சந்து தமிழ்ப் பாட்டுக் கேட்கும். சாதியும் அதே ரயிலில்தான் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். தரங்கம்பாடி ஆலயத்திலேயே சாதிப்படி தள்ளித் தள்ளி உட்கார்ந்த காலம் உண்டு.

இந்த நவம்பரில் அண்ணாச்சி மறுபடி வந்தார். நான் படித்ததையெல்லாம் கொட்டினேன். ஒரு திருத்தமும் சொன்னேன். தமிழில் முதலில் அச்சடித்தது சீகன்பால்கு இல்லை அண்ணாச்சி, 1578லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது, புன்னைக்காயலில் இருந்த ஹென்ரிக்கஸ் பாதிரியார் செய்தது, அது உங்கள் ஊருக்குத்தான் பக்கம். அவருக்கு இது ரசிக்கவில்லை. "அது கத்தோலிக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டைம்டேபிளைச் சொன்னபோது மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "எட்டு மணி நேரமா? மெதுவாச் சொல்லுங்க, காலைல ஆறு மணிக்கு என்ன செஞ்சாரு?" என்றார். பிறகு அதை எழுதித் தரச் சொன்னார். பேரன் சயானில் இங்கிலீஷ் மீடியத்தில் எட்டாவது படிக்கிறானாம். தமிழ் பேசுவான், வாசிக்க வராது.

"அப்புறம் எழுதிக் கொடுத்தா அவன் எப்படிப் படிப்பான் அண்ணாச்சி?"

"நான் வாசிச்சுக் காட்டுவேன் சார். அந்த ஐயருக்கும் யாராவது வாசிச்சுக் காட்டிக்கிட்டேதானே இருந்திருக்காங்க?"

டெபாசிட் ஸ்லிப் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பெரிய எழுத்தாக எழுதத் தொடங்கினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் மராத்தியில் ஏதோ முணுமுணுத்தார்கள்.